நாலு குழுவுக்கு ஒரே தொலைநோக்கி: கண்ணாடிக்கு யார் பொறுப்பு?

மலையடி ஆந்தை (சாட்ஸ்வொர்த்), ஆகஸ்ட் 9

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் அண்டர்பெர்க் பக்கம் ஒரு பண்ணையில் நான்கு குழுக்கள் சேர்ந்து ஒரு 16 அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறோம். டர்பன் குழுக்கள் இரண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் குழு ஒன்று, பள்ளிப் பிள்ளைகளின் குழு ஒன்று. தகரக் கொட்டகை, தள்ளிவிடும் கூரை, கான்கிரீட் தூண், குளிரூட்டிய கேமரா, வீட்டிலிருந்தே இயக்க இணைய வசதி. வேடிக்கை பார்க்க வாங்கியதல்ல. ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களின் ஒளியை அளந்து, மங்கும் நேரத்தைக் கணக்கிட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்புவதற்காக வாங்கியது.

ஜூலையில் 11 இரவுப் படங்களைத் தூக்கி எறிய வேண்டியதாகிவிட்டது. யாரோ கேமராவைக் கழற்றித் துடைத்து, வேறு கோணத்தில் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. கேமரா முன்கண்ணாடியில் விழுந்த தூசி படத்தில் வளையம் வளையமாகத் தெரியும். அந்தி வானத்தின் சீரான வெளிச்சத்தை எடுத்த ஒப்பீட்டுப் படத்தால் (ஃபிளாட்) வகுத்தால் அது மறைந்துவிடும். ஆனால் ஃபிளாட் எடுத்தபோது இருந்தபடியே கேமராவும் தூசியும் இருக்க வேண்டும். துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டால் பழைய வளையத்தின் தடம் படத்தில் நிற்கும், புது வளையமும் சேர்ந்துகொள்ளும். விண்மீன் மங்கியதா, தூசி மறைத்ததா என்று சொல்லவே முடியாது.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பெரிய கண்ணாடியின் ஓரத்தில் துணியால் துடைத்த கீறல்கள். பக்கத்து அலமாரியில் ஜன்னல் துடைக்கும் திரவம் ஒரு புட்டி. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. என் கவலை வேறு. கையில் இருக்கும் பணத்தில் புது கேமரா வாங்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. முதலில் ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடிக்குப் புதிதாக அலுமினியம் பூச வேண்டும், மாதம் ஒரு இரவைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன் நான்.

நான் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அரவை நடக்கும் மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். கரும்பு இல்லாத மாதங்களில் மொத்த ஆலையையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பேரிங்கையும் கையால் தொட்டுப் பார்ப்போம். அந்த மூன்று மாதம் வீண் என்று ஆலையில் ஒருவரும் சொன்னதில்லை. பெரிய ஆய்வகங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சனிவளையம் (ஃபீனிக்ஸ்), ஆகஸ்ட் 9

ஐயா, நானும் அந்த நாலில் ஒரு குழுதான். கேமரா யோசனை என்னுடையது, அதனால் நானே பேசிவிடுகிறேன். கேமராவைக் கழற்றியது நான் இல்லை.

நமக்குக் குளிர்காலம்தான் தெளிவான காலம். கோடை முழுக்க மழை, இடி. வருஷத்தில் கிடைக்கும் நல்ல இரவுகளே கொஞ்சம். அதை நாலு குழுவுக்குப் பிரித்தால் என் பங்கு எத்தனை? அதிலும் மாதம் ஒன்றைப் பராமரிப்புக்குக் கொடு என்றால் மனசு வரவில்லை. கண்ணாடியில் தூசி இருந்தால் என்ன? மொத்தப் பரப்பில் அது மிகச் சின்னப் பங்கு, அந்த அளவுக்குத்தான் ஒளி குறையும். அடிக்கடி துடைப்பதுதான் ஆபத்து என்று நான் படித்திருக்கிறேன். இப்போது இருக்கும் கேமராவில் இரைச்சல் (படத்தில் தானாக வரும் புள்ளிகள்) அதிகம், மங்கலான விண்மீனை அளக்க முடியவில்லை. என் கண்ணுக்குத் தெரியும் குறை அதுதான்.

கேப்டவுன் மாணவி, ஆகஸ்ட் 10

ஐயா, நான் மதுரைப் பக்கம். இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சதர்லாந்தில் உள்ள சால்ட் (SALT) என்ற பெரிய தொலைநோக்கியின் தரவை வைத்துத்தான் என் ஆய்வேடு. அந்தத் தொலைநோக்கியை நான் தொட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை மேட்யீஸ்ஃபோன்டேன் வழியாகப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தேன்.

அங்கே நேரம் கேட்பவர்கள் இரவில் போய் உட்கார்வதில்லை. என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம், எந்த அளவு தெளிவு இருந்தால் போதும் என்று விவரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது ஒரு வரிசையில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. அன்றைக்கு வானம் எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்ற வேலையை அங்கிருக்கும் வானியலாளரும் தொலைநோக்கியை இயக்குபவரும் எடுத்துச் செய்வார்கள். நிலா வெளிச்சமா, அதைப் பொறுத்துக்கொள்ளும் வேலை. வானம் மங்கலா, கடைசி முன்னுரிமையில் இருக்கும் வேலை. இன்னார் இரவு என்று ஒன்று இல்லாததால் யாருடைய இரவும் பறிபோவதில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலை பதிவானதே, அப்போது அந்த மோதலில் வந்த ஒளியின் நிறமாலையை முதலில் எடுத்த தொலைநோக்கிகளில் சால்ட்டும் ஒன்று. வரிசையில் இருப்பவர்களைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லி அவசர வேலையை நுழைக்க இந்த முறையில் வழி இருக்கிறது.

சனிவளையம் அண்ணா, உங்கள் பங்கு இரவுகள் குறைகின்றன என்பது இரவைக் குழுவுக்குக் குழு பிரிப்பதால் வரும் கவலை. இரவைப் பிரிக்காமல் வேலையை வரிசைப்படுத்திப் பாருங்கள். முழு நிலா வரும் இரவில் மங்கலான இரட்டை விண்மீனை எப்படியும் அளக்க முடியாது. அந்த இரவைப் பராமரிப்புக்குக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு படம் வந்தால் அதன் தலைப்பிலேயே நேரம், வெப்பநிலை, கருவியின் நிலை எல்லாம் எழுதியிருக்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான படமானாலும் எனக்கு உதவாது.

கரூக் காற்று, ஆகஸ்ட் 11

சில வருஷம் சதர்லாந்து குன்றில் ஒப்பந்தக்காரர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். பகல் வேலைக்காரன். இரவு வேலையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது, பகல் வேலையைப் பற்றி ஒருவராவது கேட்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

சால்ட்டின் பெரிய கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. ஒரு மீட்டர் அகல அறுகோணத் துண்டுகள் 91 சேர்ந்து சுமார் 11 மீட்டருக்கு 10 மீட்டர் ஆகிறது. கோள வடிவம் என்பதால் எல்லாத் துண்டுக்கும் ஒரே வளைவு. எதைக் கழற்றி எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். அலுமினியம் பூசும் அறை அந்த இடத்திலேயே இருக்கிறது. சில துண்டுகளைக் கழற்று, பழைய பூச்சை எடு, கழுவு, வெற்றிடத் தொட்டியில் வை, புதுப் பூச்சு ஏற்று, திரும்ப மாட்டு. அடுத்த முறை வேறு சில துண்டுகள். மொத்தக் கண்ணாடியையும் ஒரேயடியாக நிறுத்திவைக்கத் தேவையே இல்லை. பூச்சின் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது.

91 துண்டும் ஒரே கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும். அதற்காகப் பக்கத்தில் ஒரு உயரமான கோபுரம் கட்டி, கண்ணாடியின் வளைவு மையத்திலிருந்து பார்த்து ஒவ்வொன்றையும் நேர்ப்படுத்துகிறார்கள். துண்டுகளின் ஓரத்தில் நகர்வை அளக்க ஆரம்பத்தில் போட்ட உணரிகள் சரியாக வேலை செய்யாததால், குளிர் ஏற ஏறத் துண்டுகள் நகர்ந்துவிடும். இரவு நடுவில் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்ப நேர்ப்படுத்த வேண்டும். பல வருஷம் அப்படியே ஓட்டினார்கள். வேறு வகை உணரிகள் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தம்பி சனிவளையத்துக்காக ஒரு விஷயம். சால்ட்டின் முதல் ஒளி 2005-ல். அந்த நவம்பரில் அதிபர் ம்பெக்கி திறந்துவைத்தார். அதற்குப் பிறகு பார்த்தால் படத்தின் நடுவில் இருக்கும் விண்மீன் சரி, ஓரத்தில் இருப்பது மங்கிக் குழைந்து தெரிகிறது. கேமரா குற்றமா, கண்ணாடிக் குற்றமா என்று தேடித்தேடி, கடைசியில் கோள வடிவக் கண்ணாடியால் வரும் மங்கலைத் திருத்தும் கண்ணாடித் தொகுதியை அதைத் தாங்கும் சட்டத்தோடு சேர்த்த இடத்தில் இருந்த இறுக்கம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2009 ஏப்ரலில் அந்தத் தொகுதியை மேலிருந்து இறக்கி, ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, 2010-ல் திரும்ப ஏற்றினார்கள். முழு அளவு ஆய்வு 2011-ல்தான் தொடங்கியது. அந்த நேரத்தில் புதுக் கருவி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் அதிலும் ஓரம் குழைந்துதான் தெரிந்திருக்கும்.

அதே குன்றில் 1.9 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1948-ல் பிரிட்டோரியாவில் வேலை தொடங்கியது. மெகல்லன் மேகங்களில் துடிக்கும் விண்மீன்களைக் கண்டுபிடித்து, பிரபஞ்சத்தின் தூர அளவையே திருத்த உதவியது. ஊர் வெளிச்சம் பெருகியதால் 1970-களில் பிரித்துச் சதர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். கேமராவும் நிறமாலைக் கருவியும் எத்தனையோ தடவை மாறிவிட்டன. கண்ணாடியும் இரும்பும் அதேதான், இன்றைக்கும் அதில் ஆய்வு நடக்கிறது.

மலையடி ஆந்தை, ஆகஸ்ட் 11

கரூக் காற்று தம்பிக்கு நன்றி. படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிவளையம் சொன்ன தூசி விஷயம் சரிதான். வெறும் தூசியானால் நானும் கை வைக்க வேண்டாம் என்பேன். ஆனால் நம் ஊரில் விழுவது வெறும் தூசி அல்ல. குளிர்காலத்தில் பண்ணையைச் சுற்றித் தீத்தடுப்புக்காகப் புல்லை எரிக்கிறார்கள். ஆகஸ்ட் காற்றில் மலைச்சரிவே பற்றி எரிகிறது. அந்தச் சாம்பல் கூரை இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. சாம்பல் மேல் பனி இறங்கினால் அது காரநீர். காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். மேலே பாதுகாப்புப் பூச்சு இருந்தாலும் அதில் ஊசி முனை அளவு ஓட்டை போதும். கண்ணாடிக்குப் பின்னால் டார்ச் பிடித்து முன்னால் நின்று பார்த்தேன். ஆகாயம் மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிகிறது. ஜன்னல் திரவத்தில் அம்மோனியா உண்டு, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஹைவெல்ட் மின்னல் (ஜோஹன்னஸ்பர்க்), ஆகஸ்ட் 12

கண்ணாடியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். நான் மின்சாரக்காரன், மற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1961-ல் நாசா தன் விண்கலங்களோடு பேசக் கட்டியது. மாரினர் 4 செவ்வாயைப் படமெடுத்த காலத்தில் அதன் சிக்னலைக் கேட்ட தட்டுகளில் இதுவும் ஒன்று. 1970-களில் நாசா போனதும் தென்னாப்பிரிக்க வானியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2008 அக்டோபரில் துருவ அச்சின் தெற்குப் பக்கத்து பேரிங் ஒன்று உடைந்தது. ஒரே ஒரு பேரிங். கிட்டத்தட்ட 50 வருஷம் அந்த எடையைத் தாங்கியது. அத்தனை பெரிய தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாற்ற வேண்டியிருந்ததால், திரும்ப ஓட 2010 ஜூலை ஆகிவிட்டது. ஃபிட்டர் ஐயாவுக்கு இது நன்றாகவே புரியும்.

உங்கள் கொட்டகையில் நான் முதலில் கேட்கும் கேள்வி: கரண்ட் போனால் கூரை மூடுமா? 2023-ல் நாளுக்குப் பல மணி நேரம் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு தொலைநோக்கி திறந்த கூரையோடு மழையில் நனைந்தது. கணினிக்கு யுபிஎஸ் வைத்திருந்தார்கள், கூரை மோட்டாருக்கு வைக்கவில்லை. இப்போது லோட் ஷெடிங் குறைந்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள், கிராமப்புற லைனில் எப்போது வேண்டுமானாலும் போகும். கூரை மோட்டாருக்குத் தனி பேட்டரி, இணையம் அறுந்தால் பத்து நிமிஷத்தில் தானே மூடும் ஏற்பாடு, மழை உணரியிலிருந்து கணினி வழியாகப் போகாமல் நேராக மோட்டாருக்கே ஒரு கம்பி. இந்த மூன்றும் முதலில். அதோடு ஒரு சுவிட்சும் வேண்டும். தொலைநோக்கி படுத்த நிலையில் இருக்கிறது என்று அந்தச் சுவிட்ச் சொல்லாமல் கூரை நகரக் கூடாது.

மின்னலுக்கு ஒரே வழி, வேலை இல்லாதபோது பிளக்கைக் கையால் பிடுங்கிவிடுவதுதான். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் செம்புக் கம்பி இருந்தால் மாற்றி ஃபைபர் போடுங்கள்.

ரோஸ்ஹில் அக்கா (மொரீஷியஸ்), ஆகஸ்ட் 13

தென்னாப்பிரிக்கப் பேச்சில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்கள் தீவில் ப்ரா தோ என்ற இடத்தில், மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் பெங்களூரின் ராமன் ஆய்வுக் கழகமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து ஒரு ரேடியோ தொலைநோக்கி அமைத்தார்கள். 1992-லிருந்து வேலை செய்தது. கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டருக்கு 1024 சுருள் ஆன்டெனாக்கள். வடக்கு தெற்காகத் தண்டவாளத்தில் 15 தள்ளுவண்டிகள், ஒவ்வொன்றிலும் நாலு சுருள். ஒரு நாள் வானம் மேலே கடந்து போனதும் வண்டிகளை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். மறுநாள் அதே வானம், வேறு இடைவெளி. அந்த 880 மீட்டர் நீளத்தையும் நிரப்பச் சுமார் 60 நாள். அந்த 60 நாள் தரவையும் சேர்த்தால்தான் ஒரு படம்.

ஒரு நாள் ஒரு வண்டி எங்கே நின்றது என்று தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பதிவேட்டுக் கதையைப் படித்தபோது எனக்கு அந்தத் தண்டவாளம்தான் ஞாபகம் வந்தது. உப்புக் காற்று, சூறாவளி, துரு எல்லாவற்றோடும் போராடித்தான் தென்வானத்தின் பெரிய பகுதியை அதில் வரைபடமாக்கினார்கள்.

சனிவளையம், ஆகஸ்ட் 14

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நேற்று என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். இரைச்சல் என்று நான் நினைத்ததில் பாதி, விண்மீன் உருவம் நீண்டு போனதால் வந்தது. ஓரத்தில் எல்லாமே வால் முளைத்த மாதிரி இருக்கின்றன. கண்ணாடிகள் ஒரே அச்சில் இல்லை. புது கேமரா வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். கேமரா யோசனையை இந்த வருஷத்துக்கு நிறுத்திவைக்கலாம் என்று குழுவில் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரே கவலை மிச்சம். வரிசை முறை வந்தால் முன்னுரிமையை யார் முடிவு செய்வது? பள்ளிப் பிள்ளைகள் ஒரு இரவு வியாழனைப் பார்க்க ஆசைப்பட்டால், அது கடைசி எண்ணாகிவிடக் கூடாது.

கேப்டவுன் மாணவி, ஆகஸ்ட் 14

நல்ல கேள்வி அண்ணா. சால்ட்டில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் அவர்கள் போட்ட பங்குக்கு ஏற்ற நேரம் உண்டு. இந்தியாவில் புனேயில் உள்ள வானியல் நிறுவனமும் அதில் ஒரு கூட்டாளி. தங்கள் நேரத்துக்குள் எது முக்கியம் என்பதை ஒவ்வொரு கூட்டாளியின் குழுவும் தானே முடிவு செய்கிறது. நீங்களும் மணிக்கணக்கில் பங்கு வையுங்கள். அந்த மணிக்குள் எது முதல் என்பதைக் குழுவே சொல்லட்டும். பிள்ளைகளின் முதல் எண் வியாழனாகவே இருக்கட்டும், அதற்கு நிலா வெளிச்சம் ஒரு தடையே இல்லை.

எல்லாரும் நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே எழுதுங்கள். நம் நேரம் அதைவிட 2 மணி முன்னால் ஓடுகிறது. சிலர் உள்ளூர் நேரத்திலும் சிலர் பொது நேரத்திலும் எழுதினால், மறைப்பு நேரக் கணக்கு கந்தலாகிவிடும். கணினிக் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு இரவும் பார்க்க வேண்டும்.

மலையடி ஆந்தை, ஆகஸ்ட் 30

போன முழு நிலா அன்று நாலு குழுவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஆறு பேர். சனிவளையம் தன் பக்கியில் (சின்ன ட்ரக்) 40 லிட்டர் காய்ச்சி வடித்த நீர் கொண்டுவந்தான்.

கழுவிய விதத்தை எழுதிவிடுகிறேன், இன்னொருவருக்கு உதவும். கையில் மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டோம். கண்ணாடியைத் தொட்டியில் சாய்த்து வைத்து, முதலில் ஓடும் தண்ணீர் மட்டும், கால் மணி நேரம். தூசியில் பாதி அப்படியே போய்விட்டது. அப்புறம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு ஊறவைத்தோம். பஞ்சை நனைத்து அதன் எடையிலேயே ஒரு இழுப்பு, அழுத்தவே கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, அதோடு அது குப்பைக்கு. மூன்று பொட்டலம் பஞ்சு போனது. கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசி, செங்குத்தாக நிறுத்தினோம். ஓரத்தில் நின்ற சொட்டுகளை மட்டும் டிஷ்யூ முனையால் ஒற்றி எடுத்தோம். பூச்சு வேலைக்குக் கோடையில் கழற்றி அனுப்புவோம், மழைக்காலத்தில் எப்படியும் வானம் இல்லை. அதுவரை இது தாங்கும்.

திரும்ப மாட்டி, கண்ணாடிகளை நேர்ப்படுத்தி முடிக்க இரவு 11 ஆகிவிட்டது. கடைசிக் கட்டத்தில் ஒரு விண்மீனை ஃபோகஸ் விலக்கிப் பார்த்துத் திருகை நகர்த்தினோம். ஒளி வளையத்தில் தெரிந்த கறுப்பு ஓட்டை சரியாக நடுவுக்கு வந்தபோது, கணினி முன் இருந்த ஒரு சின்னப் பெண் 'தாத்தா, நிறுத்துங்க, வந்துடுச்சு' என்று கத்தினாள்.

மின்னல் தம்பி சொன்ன தனி பேட்டரி வாங்கியாயிற்று. படுத்த நிலையைச் சொல்லும் சுவிட்ச் அடுத்த முழு நிலாவுக்கு. பதிவேட்டை இனிமேல் கொட்டகைக் கதவிலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஈரப்பதம் 85% தாண்டினால் மூடுவது என்று முதல் பக்கத்தில் எழுதி நாலு குழுவும் கையெழுத்துப் போட்டோம். தொலைநோக்கியின் சுழல் அச்சை வானத்தின் தென்துருவத்துக்கு நேர்ப்படுத்துவது மட்டும் மிச்சம் இருக்கிறது. வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது. நமக்குத் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்மா ஆக்டான்டிஸ் என்ற விண்மீன் வெறும் கண்ணுக்கு எட்டுவதே சிரமம். விண்மீன் நகர்வைப் பார்த்துச் சரிசெய்யும் முறையில்தான் செய்யப் போகிறோம். புரட்டாசி தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும், செப்டம்பர் முதல் சனிக்கிழமை போகிறேன். கூட வர விரும்புபவர்கள் சொல்லுங்கள், என் வண்டியில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.

சனிவளையம், ஆகஸ்ட் 30

ஒரு இடம் எனக்கு ஐயா. கழுவிய மறுநாள் எடுத்த படத்தில் ஓரத்து விண்மீன்களுக்கு வால் இல்லை. ஃபிளாட் அன்று மாலையே எடுத்துவிட்டேன், கேமரா கோணத்தைக் குறித்திருக்கிறேன், பதிவேட்டில் 4-ஆம் பக்கம்.